நண்டு ஓட்டிலிருந்து கைட்டோசான்: மண்டபம் பக்கம் ஒரு மகளிர் குழு செய்ய முடியுமா?

கேள்வி இதுதான். மண்டபம் பக்கம் நீலக்கால் நண்டை அவித்துச் சதை எடுக்கும் கம்பெனிகளில் ஓடு குவிந்துகொண்டே போகிறது. இரண்டாம் நாளே நாற்றம் ஊரைத் தூக்குகிறது. இந்த ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுத்தால் காயத்துக்குக் கட்டு, ஊருணித் தண்ணீரைத் தெளிய வைக்கும் மருந்து, மிளகாய்ச் செடிக்குத் தெளிப்பு என்று மூன்றும் செய்யலாம் என ஒரு பயிற்சியில் சொன்னார்களாம். பத்துப் பேர் உள்ள மகளிர் குழு இதைத் தொழிலாக எடுக்கலாமா, எப்படிச் செய்வது?

எடுக்கலாம். ஆனால் அந்த மூன்றில் காயக்கட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மிளகாய்த் தெளிப்பு முதல் வருஷமே கைகூடும். தண்ணீர் தெளிவிப்பது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். இதில் ஆளை ஏமாற்றுவது பெயர்தான். கைட்டோசான் என்பது உப்பு, சர்க்கரை மாதிரி ஒரே பொருளின் பெயர் இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். அசெட்டைல் எத்தனை சதவீதம் நீங்கியது, சங்கிலி எவ்வளவு நீளம், சாம்பல் எவ்வளவு என்ற மூன்று எண்கள் தெரியாதவரை உங்கள் கையில் இருப்பது வெறும் வெள்ளைப் பொடி. அந்தப் பொடிக்கு விலையும் அப்படித்தான் கிடைக்கும்.

முதலில் ஓட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். காய்ந்த நண்டு ஓட்டில் ஏறக்குறையப் பாதி சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். கால் பங்குக்கு முன்பின்னாகப் புரதம். கைட்டின் 15 சதவீதம் வந்தால் நல்ல ஓடு. இறால் தோலில் சுண்ணாம்பு குறைவு, புரதமும் கைட்டினும் கூடுதல். கைட்டின் என்பது குளுக்கோஸின் உறவுக்கார மூலக்கூறு ஒன்று ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீளமான சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் அமீன் என்ற நைட்ரஜன் தொகுதி ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் தலையில் அசெட்டைல் என்ற மூடி. மூடி இருக்கும்வரை சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகப் படிந்து கிடக்கும். தண்ணீரிலும் கரையாது, புளிக்காடியிலும் கரையாது. பெரும்பாலான மூடிகளைக் கழற்றிவிட்டால் அதுதான் கைட்டோசான். 1859இல் சார்ல் ரூழே என்ற பிரெஞ்சுக்காரர் கைட்டினைக் கடுங்காரத்தில் கொதிக்க வைத்தபோது செய்தது இதைத்தான். இன்றைக்கும் ஆலைகளில் அடிப்படை வேலை அதேதான்.

மூடி கழன்ற அமீன் புளிப்பில், பிஎச் 6க்குக் கீழே, நேர்மின்னூட்டம் ஏற்றுக்கொள்ளும். இயற்கையில் ஏராளமாகக் கிடைக்கும் பெருஞ்சங்கிலிச் சர்க்கரைகளில் இந்தக் குணம் உள்ளது அபூர்வம். களிமண் துகள், பாக்டீரியாவின் மேலுறை, இரத்தச் சிவப்பணு எல்லாவற்றின் மேற்பரப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. கலங்கல் தெளிவதும், காயத்தில் இரத்தம் உறைவதும் இந்த ஈர்ப்பால்தான். எனவே செய்முறையில் நீங்கள் படும் பாடு முழுவதும் இரண்டே விஷயத்துக்கு: மூடியைக் கழற்ற வேண்டும், கழற்றும்போது சங்கிலியை அறுத்துவிடக் கூடாது.

இனி வேலை. ஒரு கிலோ காய்ந்த ஓட்டுக்குக் கணக்குச் சொல்கிறேன். அதற்கு மேல் முதல் மாதம் போகவே வேண்டாம்.

ஓடு அவித்த அன்றே வர வேண்டும். அவித்த ஓட்டில் நண்டின் சொந்த நொதிகள் செத்திருக்கும், அது உங்களுக்கு லாபம். ஆனால் ஓர் இரவு கோணிப்பையில் கட்டி வைத்தால் பாக்டீரியா உள்ளே புகுந்து கைட்டினையே தின்னத் தொடங்கும். நாற்றம் வரும்போது சங்கிலியும் குட்டையாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செவுள், ஒட்டிய சதை எல்லாவற்றையும் நீக்கிக் கழுவி, வெயிலில் காயப்போடுங்கள். கருவாடு காயப்போடுகிற பழக்கத்தில் மணலில் பரப்பிவிடக் கூடாது. சுண்ணாம்பு ஆசிட்டில் கரைந்து போகும், மணல் போகாது. கடைசிவரை கூடவே வந்து சாம்பல் கணக்கில் உங்களைக் காட்டிக்கொடுக்கும். வலைத் துணியைக் கட்டி அதன் மேல் பரப்புங்கள். மொறுமொறுவென்று காய்ந்ததும் 2 முதல் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக உடையுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது பாதி துணியில் போய்விடும்.

முதல் கட்டம் புரதம் நீக்குவது. 400 கிராம் காஸ்டிக் சோடாவை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் ஏறக்குறைய 4 சதவீதக் கரைசல். அதில் ஓட்டைப் போட்டு 80 முதல் 90 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்துக் கிளறுங்கள். எவர்சில்வர் பாத்திரம் சரி. அலுமினியத்தை அடுப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள்: காஸ்டிக் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும், அடியில் நெருப்பு எரிகிறது. கரைசல் டீத் தண்ணீர் நிறத்துக்கு வரும். வடித்துவிட்டுப் புதுக் கரைசலில் கொஞ்சம் சுட வைத்துப் பாருங்கள். மறுபடி நிறம் இறங்கினால் புரதம் இன்னும் பாக்கி.

இரண்டாம் கட்டம் சுண்ணாம்பு நீக்குவது. இதைப் பிளாஸ்டிக் டிரம்மில் செய்ய வேண்டும், ஏனென்றால் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் எவர்சில்வரையும் தின்னும். ஒரு கிலோ ஓட்டில் அரைக் கிலோ சுண்ணாம்பு என்றால் அதைக் கரைக்கக் கணக்குப்படி 365 கிராம் தூய ஆசிட் வேண்டும். கடையில் வரும் 33 சதவீத ஆசிட்டில் அது ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கொஞ்சம் மிச்சமாக 1.2 லிட்டர் எடுத்து, 10.8 லிட்டர் தண்ணீரில் மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீரில் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் இல்லை. இந்த 12 லிட்டரையும் ஒரேயடியாக ஓட்டின் மேல் கொட்டினால் என்ன ஆகும் தெரியுமா? அரைக் கிலோ சுண்ணாம்பு 120 லிட்டருக்கு மேல் கரியமில வாயுவைக் கக்கும். பால் பொங்குவது போல நுரை டிரம்மைத் தாண்டி வந்து, துண்டுகளையும் தூக்கிக்கொண்டு தரையில் கிடக்கும். அதனால் நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு நுரையும் அடங்கிய பிறகு அடுத்ததை ஊற்றுங்கள். அறை வெப்பத்திலேயே இரண்டு மணி நேரம் போதும். இரவு முழுக்க ஊற வைத்தால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆசிட் சங்கிலியை நறுக்கும், சூடான ஆசிட் இன்னும் வேகமாக நறுக்கும். ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பாருங்கள். ஒடியாமல் ஈரத்தாள் போல மடங்கினால் சுண்ணாம்பு போய்விட்டது. புது ஆசிட்டில் போட்டும் குமிழி வரவில்லை என்றால் சந்தேகமே இல்லை.

இப்போது கழுவல். இராமநாதபுரத்தில் தொழிலின் குரல்வளை இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு சிக்கனமாகப் பார்த்தாலும் ஒரு கிலோ ஓட்டுக்கு மொத்தத்தில் ஐந்தாறு குடம் நல்ல தண்ணீர் போகும். கடல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதில் கழுவினால் என்ன என்று தோன்றும். ஆசிட் கட்டத்துக்குப் பிறகு முதல் இரண்டு அலசல் கடல் தண்ணீரில் செய்யலாம், கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீர். காஸ்டிக் கட்டத்துக்குப் பிறகு கூடவே கூடாது. கடல் நீரில் லிட்டருக்கு 1.3 கிராம் அளவில் மெக்னீசியம் இருக்கிறது. காரம் பட்டவுடன் அது பால் போல வெளுத்துப் படிந்து, நீங்கள் பாடுபட்டு நீக்கிய தாதுவைத் திரும்ப ஏற்றிவிடும்.

காயவைத்தால் 130 முதல் 150 கிராம் கைட்டின் நிற்கும். இளஞ்சிவப்பு நிறம் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது அஸ்டாக்சாந்தின் என்ற ஓட்டு நிறமி. வாங்குபவர் வெள்ளை கேட்டால் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் சில நிமிடம் வெளுக்கலாம். ஆனால் வெளுப்பு கூடக் கூடச் சங்கிலி குட்டையாகும். மிளகாய்த் தெளிப்புக்கு நிறம் யாருக்கு வேண்டும்? வெளுத்தே ஆக வேண்டும் என்றால் ஆசிட் வாடையே இல்லாமல் கழுவிய பிறகுதான். மிச்ச ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

மூன்றாம் கட்டம்தான் மூடி கழற்றுவது. 150 கிராம் கைட்டினுக்கு 50 சதவீதக் காஸ்டிக் ஒன்றரை லிட்டர் வேண்டும், அதாவது 1.15 கிலோ காஸ்டிக், 1.15 லிட்டர் தண்ணீர். அடுப்பே இல்லாமல் கரைக்கும் சூட்டிலேயே கொதிநிலையை எட்டிப் பார்க்கும், எனவே தண்ணீரில் காஸ்டிக்கை ஒரு கரண்டி, ஒரு கரண்டியாக. கண்ணாடி, முழங்கை வரை கையுறை, ரப்பர் ஏப்ரன், பக்கத்தில் நிறையத் தண்ணீர். இந்தக் கட்டத்தில் புடவை முந்தானையோடு யாரும் நிற்கக் கூடாது. 95 டிகிரியில் இரண்டு முதல் மூன்று மணி நேரம், பாத்திரத்துக்கு மூடி போட்டு. பாத்திர மூடி எதற்கு என்றால் சூட்டில் ஆவி போவதைத் தடுக்க மட்டும் இல்லை, காற்றிலுள்ள ஆக்சிஜன் சூடான காரத்தில் சங்கிலியை அறுக்கும். ஆறு மணி நேரம் ஒரே மூச்சில் வேகவைப்பதைவிட, ஒன்றரை மணி நேரம் வேகவைத்து, வடித்துக் கழுவி, மறுபடி ஒன்றரை மணி நேரம் வேகவைப்பது மேல்: மூடியும் கூடுதலாகக் கழலும், நீளமும் தங்கும்.

இங்கே அடிக்கடி கெடுவது ஈரம். சரியாகக் காயாத கைட்டினைப் போட்டால் அதிலுள்ள தண்ணீர் 50 சதவீதத்தை 40க்கு இறக்கிவிடும். நேரம், சூடு எல்லாம் சரியாக இருந்தும் பொடி காடியில் கரையாது. காரணம் தெரியாமல் ஆள் குழம்புவது பெரும்பாலும் இதில்தான். கடைசியில் பிஎச் தாள் பச்சைக்கு வரும்வரை கழுவிக் காயவைத்தால் 110 முதல் 125 கிராம் கைட்டோசான் கிடைக்கும். எடை குறைவது நஷ்டம் இல்லை, கழன்ற மூடிகளின் எடை அது.

கழிவைப் பற்றிப் பேசாமல் இந்தத் தொழிலைப் பரிந்துரைப்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று தொடங்கிவிட்டு, ஓட்டு நாற்றத்துக்குப் பதில் காஸ்டிக் குட்டையைக் கட்டிவைப்பது கேலிக்கூத்து. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளமும் 1986 முதல் தேசியப் பூங்கா. கரையில் கொட்டுவது அங்கேதான் போய்ச் சேரும். ஒரு கிலோ ஓட்டின் ஆசிட் கழிவில் அரைக் கிலோவுக்கு மேல் கால்சியம் குளோரைடு கரைந்திருக்கும். அதை நிலத்தில் விட்டால் அந்தக் கிணறு போச்சு.

ஆனால் கணக்குத் தெரிந்தால் கழிவைப் பெருமளவு சுருக்கலாம். 150 கிராம் கைட்டினின் மூடிகளில் எண்பது சதவீதத்தைக் கழற்ற உண்மையில் செலவாகும் காஸ்டிக் வெறும் 24 கிராம் போல. மிச்சம் ஒரு கிலோவுக்கு மேல் சும்மா சூழ்ந்து நின்றதுதான். அதை வடித்து, குறைந்த அளவுக்குப் புதுக் காஸ்டிக் சேர்த்து மூன்று ஈடு ஓட்டுங்கள். அதற்குப் பிறகு அதை நீர்க்க வைத்தால், ஓர் ஈட்டுக்கு 400 கிராம் கேட்கும் முதல் கட்டத்துக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தும். ஆசிட்டிலும் இதே தந்திரம்: தீர்ந்தும் தீராத ஆசிட்டை அடுத்த ஈட்டு ஓட்டின் மேல் முதலில் ஊற்றினால் அது தானே செயலிழக்கும், புது ஆசிட்டும் குறைவாகப் பிடிக்கும். முதல் கட்டத்துப் பழுப்பு நீரில் மிச்ச ஆசிட்டைச் சேர்த்துப் பிஎச் 4.5க்குக் கொண்டுவந்தால் புரதம் திரிந்து கீழே படியும். அழுகிய முட்டை வாடை வரும், எனவே திறந்த வெளியில். கடைசியில் எஞ்சும் உப்பு நீரைத் தார்பாய் விரித்த பாத்தியில் வெயிலுக்கு விட வேண்டும். இந்தக் கரையில் வெயிலுக்கா பஞ்சம்? மழைக்காலத்தில் மட்டும் வேலையை நிறுத்திவையுங்கள், பாத்தி நிரம்பி வழிந்தால் எல்லாம் வீண். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணைக்கு மனுப் போடும்போது இந்த வரைபடமும் கணக்கும் கூட இருக்கட்டும்.

இனி அந்த மூன்று எண்கள். எளிதான சோதனை முதலில்: ஒரு கிராம் பொடியை 100 மில்லி 1 சதவீத அசெட்டிக் ஆசிட்டில் போட்டு இரவு முழுக்க விடுங்கள். கடை வினிகரை ஐந்து மடங்கு நீர்த்தால் கிட்டத்தட்ட அதுதான். காலையில் தேன் போலத் தெளிவாக இருந்தால் தேறியது. ஜவ்வரிசி போல உப்பிய துணுக்குகள் மிதந்தால் மூடி கழன்றது போதாது. குமிழி வந்தால் சுண்ணாம்பு, அடியில் கரகரத்தால் மணல்.

சதவீதம் தெரிய டைட்ரேஷன் வேண்டும். பக்கத்துக் கல்லூரி வேதியியல் கூடத்தில் பிஎச் மீட்டர் இருந்தால் ஒரு மதிய வேலை. நன்கு காய்ந்த 0.2 கிராம் பொடியை 30 மில்லி 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டில் கரைத்து, 0.1 நார்மல் காஸ்டிக்கைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பிஎச்சைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். கோட்டில் இரண்டு இடத்தில் செங்குத்தாக ஏறும். முதல் ஏற்றம் மிச்ச ஆசிட் தீர்ந்த இடம், இரண்டாவது அமீன்கள் தீர்ந்த இடம். இரண்டுக்கும் இடையில் 8.1 மில்லி போனால் 70 சதவீதம், 9.4 போனால் 80, 10.9 போனால் 90. பொடியில் பத்து சதவீதம் ஈரம் இருந்து அதைக் கழிக்காமல் விட்டால் உங்கள் 80, எழுபதை ஒட்டி வந்து நிற்கும். அதனால் எடை போடும் முன் 105 டிகிரியில் காயவைப்பது கட்டாயம்.

சங்கிலி நீளத்துக்குப் பாகுநிலை பார்ப்பார்கள். அதே 1 சதவீதக் கரைசல் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நீளம். சாம்பல் 600 டிகிரி உலையில் எரித்துப் பார்ப்பது. ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பேசலாம்.

முண்டு மிளகாய்க்கு வருவோம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பயிர், நல்ல சந்தை. செடிகளின் உயிரணுப் பரப்பில் கைட்டின் துணுக்குகளை அடையாளம் காணும் ஏற்பிகள் இருக்கின்றன. பூஞ்சையின் உடற்சுவரும் கைட்டின்தான் என்பதால், துணுக்கு பட்டவுடன் ‘திருடன் வந்துவிட்டான்’ என்று செடி தற்காப்பை முடுக்கிவிடும். கைட்டோசானும் அந்த எச்சரிக்கையைத் தூண்டும். எனவே இதன் முக்கிய வேலை பூஞ்சையைக் கொல்வது இல்லை, செடிக்கு முன்னெச்சரிக்கை. நோய் வந்த பிறகு அடித்துப் பயன் இல்லை. வைரஸால் வரும் இலைச்சுருட்டைத் தீர்க்கும் என்று விற்றால் அடுத்த வருஷம் யாரும் வாங்க மாட்டார்கள்.

10 லிட்டர் டேங்குக்கு 5 கிராம் போதும். அரை லிட்டர் நீர்த்த வினிகரில் முந்தின நாளே கரைத்து வைத்துக்கொண்டு டேங்கில் கலக்க வேண்டும். இங்கே உள்ளூர்ச் சிக்கல் ஒன்று. நம் போர் தண்ணீரில் பைகார்பனேட் தூக்கல், பிஎச் 8ஐத் தொடும். அதில் நேராக ஊற்றினால் கைட்டோசான் சேமியா போல நூல் நூலாகத் திரிந்து நாசிலை அடைத்துவிடும். டேங்க் தண்ணீரையே முதலில் வினிகரால் 5.5க்கு இறக்கிக்கொண்டு, பிறகு கலக்குங்கள். சோப்புக் கரைசலோடு சேர்த்தாலும் இதே கதிதான். தெளிப்புக்குக் குட்டைச் சங்கிலியே நன்றாக வேலை செய்யும் என்பதால், முதல் மாதங்களில் கை பழகாமல் அறுபட்டுப்போன சரக்குக்கும் இங்கே இடம் உண்டு.

ஊருணித் தண்ணீருக்கு நேர்மாறு: நீளமான சங்கிலி வேண்டும். ஒரு முனை ஒரு களிமண் துகளையும் மறு முனை இன்னொன்றையும் பிடித்து இழுத்தால்தான் கனமான திரள் உண்டாகிக் கீழே இறங்கும். படிகாரம் லிட்டருக்குப் பத்து இருபது மில்லிகிராம் கேட்கும் கலங்கலுக்கு இது ஒன்றிரண்டு மில்லிகிராமில் வேலையை முடிக்கலாம். ஆனால் அளவைக் குத்துமதிப்பாகப் போடக் கூடாது. ஆறு பாத்திரத்தில் ஒவ்வொரு லிட்டர் ஊருணித் தண்ணீர் எடுங்கள். 1 சதவீதக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தால், அதில் ஒரு மில்லி விட்டால் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அரை, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு மில்லி என விட்டு, ஒரு நிமிடம் வேகமாக, பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். இரண்டில் தெளிந்து எட்டில் மறுபடி கலங்கி நிற்பதைப் பார்ப்பீர்கள். அளவு மீறினால் துகள் முழுவதும் நேர்மின்னூட்டம் போர்த்திக்கொண்டு ஒன்றையொன்று தள்ளும். நிறையப் போட்டால் நிறையத் தெளியும் என்ற கணக்கு இதில் செல்லாது.

இன்னொன்று. தெளிந்த தண்ணீர் நல்ல தண்ணீர் இல்லை. உப்பு ஒரு துளியும் குறையாது, கிருமி முழுக்கச் சாகாது. வடித்த பிறகு குளோரின் போட்டே ஆக வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளுக்கு ஒரு துணை என்று மட்டும் இதைச் சொல்லுங்கள்.

காயக்கட்டு ஏன் வேண்டாம்? வேலை செய்யாது என்பதால் இல்லை. இறால் தோல் கைட்டோசானில் செய்த கட்டு 2000களின் தொடக்கத்தில் அமெரிக்க அனுமதி பெற்று, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர்க்களத்தில் பயன்பட்டது. சிவப்பணுக்களை நேராகப் பிடித்துத் திரட்டுவதால் இரத்தம் உறையவைக்கும் காரணிகள் குறைந்த ஆளுக்கும் உதவும். சிக்கல் எண்டோடாக்சின். சில வகைப் பாக்டீரியாவின் மேலுறைக் கொழுப்பு அது. பாக்டீரியா செத்தாலும் அது சாகாது, இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல், அதிர்ச்சி. எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால் கைட்டோசான் அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரத்திலிருந்து அதை ஒழிக்க 250 டிகிரி உலர்சூட்டில் அரை மணி வைப்பார்கள்; கைட்டோசானை அப்படி வைத்தால் கரிதான் மிஞ்சும். வேடிக்கை என்னவென்றால், உங்கள் 50 சதவீதக் காஸ்டிக் எண்டோடாக்சினை அழித்தே விடும். அது திரும்ப ஏறுவது கடைசியாகக் கழுவும் தண்ணீரிலிருந்து. கிணற்று நீரிலோ லாரித் தண்ணீரிலோ கழுவிய பொடி எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் காயத்துக்கு ஆகாது. கூடவே, புரதம் கொஞ்சம் மிஞ்சினாலும் அதிலுள்ள ட்ரோபோமயோசின் என்ற தசைப் புரதம் நண்டு, இறால் ஒவ்வாமை உள்ளவரைப் படுத்தும். 2017 மருத்துவக் கருவி விதிகளின் உரிமமும் வேண்டும். இது ஆலை வேலை.

எண்டோடாக்சினைச் சோதிக்கும் விதமும் கடலிலிருந்து வந்ததுதான். குதிரைலாட நண்டின் இரத்தம் அது பட்டவுடன் உறையும். பெயரில்தான் நண்டு, உறவு சிலந்தியோடும் தேளோடும். பல பத்தாண்டுகளாக அதைப் பிடித்து இரத்தம் எடுத்துத்தான் ஊசி மருந்துகளைச் சோதித்துவருகிறார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஜியாக் லிங் டிங், போ ஹோ இருவரும் அந்த இரத்தத்தில் முதலில் உணரும் புரதமான காரணி சி-யின் மரபணுவைப் பிரித்து, வேறு உயிரணுக்களில் அதை உற்பத்தி செய்யவைத்தார்கள். ஐரோப்பிய மருந்துத் தரநூல் 2021இல் அந்த முறைக்குத் தனி அத்தியாயமே கொடுத்துவிட்டது.

அப்படியானால் காஸ்டிக்குக்குப் பதிலாக நொதி ஒன்றை வைத்து மூடியைக் கழற்ற முடியாதா? மியூக்கர் என்ற பூஞ்சையில் அந்த வேலைக்கே ஒரு நொதி இருப்பது 1970களிலிருந்து தெரியும். ஆனால் நண்டு ஓட்டுக் கைட்டின் படிகமாக இறுகிக் கிடப்பது. நொதிக்கு உள்ளே நுழைய வழி இல்லை, கரைந்த சங்கிலியில்தான் அதன் கை ஓடும். 2010இல் நார்வேக்காரர்கள் ஒரு பாக்டீரியாப் புரதம் செம்பு போன்ற உலோக அயனியின் துணையோடு படிகப் பரப்பையே வெட்டித் திறப்பதைக் காட்டினார்கள். இரண்டையும் சேர்த்து, சூடு தாங்கும்படி திருத்தியமைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. காஸ்டிக் மூடிகளைக் கண்டபடி கழற்றும். நொதி எந்தக் கண்ணியில் கழற்றுவது என்று பார்த்துக் கழற்றும். செடியின் ஏற்பிக்கு அந்த ஒழுங்கு முக்கியம் என்பதால், தெளிப்பு மருந்தில்தான் நொதிக்கு முதல் சந்தை அமையும் என்பது என் கணிப்பு. கிலோக் கணக்கில் மண்டபத்துக்கு வர நாளாகும்.

குழு கையில் இன்றைக்கே இருக்கும் உயிரிவழி ஒன்று உண்டு. இறால் தோலை அரைத்து, அதன் எடையில் பத்து சதவீதம் வெல்லக் கரைசலும் கொஞ்சம் புளித்த மோரும் சேர்த்து, காற்றுப் புகாமல் மூன்று நாள் மூடி வைத்தால் லாக்டிக் அமிலம் உண்டாகிச் சுண்ணாம்பின் பெரும்பகுதியைக் கரைக்கும். பிஎச் இரண்டாம் நாள் 5க்குக் கீழே வரவில்லை என்றால் அழுகத் தொடங்கிவிட்டது, கொட்டிவிடுங்கள். நண்டு ஓட்டில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் வருகிற புளிப்பையெல்லாம் அதுவே குடித்துவிடும், பிஎச் இறங்காது. இறாலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நண்டிலேயே நிற்காதீர்கள். ஊசிக்கணவாயைச் சுத்தம் செய்யும்போது உள்ளிருந்து கண்ணாடித்தாள் போல ஒரு தண்டு உருவி எறிவார்களே, அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கைட்டின். சுண்ணாம்பு கிட்டத்தட்ட இல்லை, ஆசிட் கட்டம் பெயரளவுக்குத்தான். சங்கிலிகள் இறுக்கமில்லாத வகையில் அடுக்கப்பட்டிருப்பதால் மூடியும் குறைந்த சூட்டில் கழலும், நீளமும் தங்கும்; தண்ணீர் தெளிவிக்க அதுதான் சரியான சரக்கு. ஓட்டுக்கணவாயின் வெள்ளை ஓட்டை, கடல்நுரை என்று நாட்டு மருந்துக்கடையில் விற்பதை, இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; அது பெரும்பாலும் சுண்ணாம்பு. கணவாய் வெட்டும் இடங்களில் ஒரு கூடை தனியாக வைத்து அந்தத் தண்டை மட்டும் போடச் சொல்லுங்கள். அலசி நிழலில் காயவைத்தால் மாதக்கணக்கில் கெடாது. முதல் ஒரு கிலோ சேர்ந்ததும் பாதியை நண்டு ஓட்டுக் கைட்டினோடு ஒரே நாளில், ஒரே காஸ்டிக்கில், தனித்தனிப் பாத்திரத்தில் வேகவைத்து, இரண்டின் 1 சதவீதக் கரைசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றிப் பாருங்கள். எதை எந்த வேலைக்கு வைப்பது என்று அந்த ஒழுக்கே சொல்லிவிடும்.